தறிப்பட்டறை வாசலில் இருந்து போன கார்: எல்லையோரத் திருட்டு வழக்கு ஒன்றின் ஆய்வு

திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர் வட்டாரத்தில் மாநில எல்லை பல இடங்களில் ஊருக்கு வெளியே போவதில்லை. ஊருக்கு நடுவில், சில இடங்களில் ஒரே குடும்பத்தின் நிலத்துக்கு நடுவில் போகிறது. இரு மாநில எல்லைப் பிரச்சினையில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரியும் புத்தூரும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. கோடு மாறியதே தவிர, பெண் கொடுப்பதும் எடுப்பதும், நூல் வாங்குவதும் புடவை விற்பதும் மாறவில்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும் என்றுதான் எங்கள் பக்கம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் சித்தப்பாவின் வீடு ஆந்திரப் பக்கம். அவருடைய தறிப்பட்டறை, வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், தமிழ்நாட்டுப் பக்கம். தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம் இருந்தது, 2023-ல் அது 1000 ஆனது. பட்டறை அந்தப் பக்கம் இருப்பதற்கு அதுதான் காரணம். வீட்டு வாசலில் கார் நிறுத்த இடம் கிடையாது. அதனால் பட்டறைச் சுவர் ஓரமாக, விளக்குக் கம்பத்தின் அடியில்தான் எப்போதும் நிறுத்துவார். தமிழ்நாட்டுப் பதிவு எண் கொண்ட வெள்ளை எர்டிகா. கடந்த தை மாதம், கிருத்திகை நெருங்கிய ஒரு இரவில் அந்தக் கார் திருடு போனது.

திருடியது யார் என்பது இந்த ஆய்வின் விஷயம் அல்ல. திருட்டு தெரிந்த நிமிடத்திலிருந்து அது வழக்காகப் பதிவான நாள் வரை என்ன நடந்தது, எங்கே நின்றது, ஏன் நின்றது என்பதைத்தான் எழுதுகிறேன். நான் கூடவே இருந்தேன்.

நான்கு குறுஞ்செய்திகள்

விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு சித்தி பால் வாங்கப் போக எழுந்து செல்போனைப் பார்த்திருக்கிறார். ஃபாஸ்டேக் கணக்கில் பணம் கழிந்ததாக இரண்டு செய்திகள். ஒன்று வடமாலப்பேட்டை அருகே எஸ்.வி.புரம் சுங்கச்சாவடி, நேரம் 2.36. இன்னொன்று நெல்லூருக்கு முன்னால் வெங்கடாசலம் சுங்கச்சாவடி, நேரம் 5.04. மகன்தான் யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்து அவன் அறைக்குப் போனால், அவன் போர்த்திக்கொண்டு தூங்குகிறான். சாவி இரண்டும் சாமி மாடத்துப் பக்கத்து ஆணியில் தொங்கின. சித்தப்பா பட்டறைக்கு ஓடினார். கம்பத்தடி காலியாக இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரும்பாலான கார் திருட்டில் வண்டி எந்தத் திசையில் போனது என்றே தெரியாது. இங்கே திசை தெரியும், எந்த நெடுஞ்சாலை என்று தெரியும், எத்தனை மணிக்கு எந்தச் சாவடியைத் தாண்டியது என்று தெரியும். நகரியிலிருந்து புத்தூர், வடமாலப்பேட்டை, திருப்பதி வழியாகப் போய், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த சாவடி எது என்பதும் அந்தச் சாலையில் லாரி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு சாவடியிலும் கேமரா இருக்கிறது, தடுப்புக் கட்டை இருக்கிறது.

சித்தப்பா முதலில் அவசர எண்ணுக்கு அழைத்தார். பக்கத்து ஸ்டேஷனில் புகார் கொடுக்கச் சொன்னார்கள். அப்புறம் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்து, திருட்டைப் பதிவு செய்து, புகார் எண்ணை ஒரு காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டார். அந்தத் தாள் பின்னால் எவ்வளவு உதவியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு அருகில் இருப்பது ஆந்திரப் பக்கத்து நிலையம். நாங்கள் ஆறு மணிக்கு முன்பே அங்கே இருந்தோம். பாராவில் ஒரு காவலர், உள்ளே இன்னொருவர். உள்ளே இருந்தவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒங்கோல் பக்கம் போயிட்டிருக்கான்" என்று அவரே சொன்னார். அவருக்குச் சாலை தெரிந்திருந்தது. "மைக்ல சொல்லுங்க சார், அடுத்த டோல்ல புடிச்சிடலாம்" என்றார் சித்தப்பா. "எஸ்ஐ சார் வரட்டும் பெரியவரே, புகார் இல்லாம நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார் அவர். "புகாரை இப்பவே எழுதித் தரேன் சார்" என்றதற்கும் அதே பதில்தான்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே மூன்றாவது செய்தி வந்தது. காவலிக்குப் பக்கத்தில் முசுனூரு, 6.09. சித்தப்பா எழுந்து போய்க் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து நான்காவது, ஒங்கோலுக்கு முன்னால் தங்குடூரு, 6.52. அதையும் காட்டினார். அதன் பிறகு செய்தி வரவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை அதற்குப் பிறகு பிய்த்துப் போட்டிருக்க வேண்டும்.

இந்த வழக்கு தோற்றது அந்த பெஞ்சில்தான். கார் கண்ணுக்குத் தெரிந்து ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே காவல் நிலையத்துக்குள் உட்கார்ந்திருந்தோம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு அழைப்பு போயிருந்தால், அங்கிருந்து அடுத்த மாவட்டத்துக்கு ஒரு செய்தி போயிருக்கும். அதற்கு உள்ளூரில் ஒரு ஜீப்பைக்கூட எடுக்க வேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் பாதி நியாயம்

எஸ்ஐ ஒன்பது மணிக்கு மேல் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், எங்களோடு தமிழிலேயே பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கார் நின்ன இடம் தமிழ்நாடு. பட்டறை கரெண்டு பில்லே தமிழ்நாட்டு பில்லுதானே? அங்க போய்க் குடுங்க" என்றார். திருட்டு நடந்த இடம் எந்த எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் விசாரணை நடக்கும் என்ற அளவில் அவர் சொன்னது சரி.

தமிழ்நாட்டுப் பக்கத்து நிலையத்துக்குப் போனோம். கிருத்திகை பந்தோபஸ்துக்குப் பாதி ஆள் போயிருந்தார்கள், உண்மையிலேயே ஆள் இல்லை. புகார்களை எழுதிப் பதியும் காவலரான ரைட்டர் ஆதாரைப் பார்த்தார். ஆந்திர முகவரி. "வீடு அங்க, செய்தி எல்லாம் அங்க இருக்கற டோல்ல இருந்து வந்திருக்கு, வண்டி ஓடறதும் அங்க. நாங்க இங்க என்ன பண்றது?" என்றார். வெகுநேரம் கெஞ்சிய பிறகு ஒரு மனு வாங்கிக்கொண்டு சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்.

தமிழ்நாட்டில் புகார் கொடுக்கப் போகும் பலர் இந்த ரசீதைப் பெற்றதும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சிஎஸ்ஆர் என்பது மனு வந்து சேர்ந்ததற்கான பதிவு மட்டுமே. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்ஐஆர், வேறு. எஃப்ஐஆர் இல்லாமல் திருட்டு வழக்கின் விசாரணை தொடங்காது. காப்பீட்டு நிறுவனமும் சிஎஸ்ஆரை வைத்துக்கொண்டு திருட்டுக் கோரிக்கையை முடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாடு முழுக்கக் காவல் நிலையங்களை இணைக்கும் சிசிடிஎன்எஸ் வலையமைப்பில் திருட்டு வண்டி என்று அது ஏறாது. அடுத்த மாநிலத்துக் காவலர் ஒருவர் அந்த வண்டியை நிறுத்தி எண்ணைத் தட்டிப் பார்த்தாலும், அவருக்கு அது சாதாரண வண்டிதான்.

இரண்டு நிலையமும் சொன்னதில் பாதிப் பாதி நியாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு பாதிக்கும் நடுவில் குடிமகன் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் சட்டம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முதலில் பதிவு செய், எல்லையைப் பிறகு பார்த்து மாற்றி அனுப்பு. மின்னஞ்சல் போன்ற வழியிலும் தகவல் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் பதிவாகும். எஃப்ஐஆர் நகல் இலவசமாகவும் உடனேயும் தரப்பட வேண்டும். இதெல்லாம் வருவதற்கு முன்பே, 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிடிவாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்ஐஆர் பதிவது கட்டாயம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"விசாரிச்சிட்டுதான் எஃப்ஐஆர் போடுவோம்" என்று இரண்டு நிலையத்திலும் சொன்னார்கள். புதிய சட்டத்தில் அதற்கு ஒரு வழி இருப்பது உண்மை. மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல், ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பியின் முன் அனுமதியோடு, 14 நாளுக்குள் முடியும் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவின்படி திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. முதற்கட்ட விசாரணை என்ற வழி திருட்டுக்குப் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. பொருந்தும் என்றே வைத்துக்கொண்டாலும், டிஎஸ்பி அனுமதி எங்கே என்று கேட்டபோது ஒரு தாளும் இல்லை. அந்த நாட்களில் எங்களிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, பட்டறைச் சுவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அதை விசாரணை என்று என்னால் சொல்ல முடியாது.

ஏன் இந்தத் தயக்கம்? காவல்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் படுகிறது. பதிந்த வழக்கு, கண்டுபிடிக்கும் வரை நிலையத்தின் கணக்கில் நிலுவையாக நிற்கும். மாதாந்திரக் கிரைம் மீட்டிங்கில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதியாத திருட்டுக்கு யாரும் பதில் கேட்பதில்லை. எல்லையோர நிலையங்களுக்கு "அந்தப் பக்கம் போ" என்ற வசதி கூடுதலாக இருக்கிறது. தனிப்பட்ட ஒரு எஸ்ஐ கெட்டவர் என்பதால் இது நடக்கவில்லை. வழக்கைப் பதிந்தவருக்குக் கேள்வியும் பதியாதவருக்கு நிம்மதியும் கிடைக்கும் வரை, அங்கே யார் உட்கார்ந்தாலும் இதுதான் நடக்கும். எனக்குக் கோபம் வருவதும் இந்த இடத்தில்தான்.

"எங்கு தேடியும் கிடைக்காததால்"

173-ஆம் பிரிவிலேயே அடுத்த படி இருக்கிறது. நிலையம் பதிய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். சித்தப்பா கார் நின்ற இடம் இருக்கும் மாவட்டத்தின் எஸ்பிக்குப் பதிவுத் தபால் அனுப்பினார். குறுஞ்செய்திகளின் படம், சிஎஸ்ஆர் நகல், பட்டறையின் மின்கட்டண ரசீது, காப்பீட்டுப் புகார் எண் எல்லாவற்றையும் இணைத்தார். மின்கட்டண ரசீதுதான் முக்கியம். கார் நின்ற இடம் எந்த மாநிலம் என்ற சண்டையை அது முடித்துவிட்டது. எல்லையோரம் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்: சம்பவம் நடந்த இடத்தின் மின் இணைப்பு, வரி ரசீது, பட்டா ஏதாவது ஒன்று கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

தபால் போய்ச் சேர்ந்த சில நாளில் தமிழ்நாட்டு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. திருட்டு நடந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரைட்டர் புகாரைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார், கையெழுத்து மட்டும் போடச் சொன்னார். சித்தப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். மூன்றாவது பத்தியில் இப்படி இருந்தது: "நானும் எனது உறவினர்களும் அக்கம்பக்கத்தில் எங்கு தேடியும் கிடைக்காததால் இன்று நிலையம் வந்து புகார் கொடுக்கிறேன்."

புகார் எழுதும் எல்லா இடத்திலும் புழங்கும் வாசகம் இது. எழுதுபவருக்குக் கை தானாக எழுதும். ஆனால் எஃப்ஐஆர் படிவத்தில் புகார் கொடுக்கத் தாமதமானதற்குக் காரணம் என்ன என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. இந்த வாசகம் அந்தக் கட்டத்துக்குப் போனால், நிலையம் செய்த தாமதம் முழுவதும் புகார்தாரர் செய்த தாமதமாகிவிடும். பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பும், கோரிக்கையைப் பரிசீலிக்கும் காப்பீட்டு நிறுவனமும் முதலில் விரல் வைப்பது அந்த இடத்தில்தான்.

சித்தப்பா பேனாவை மூடினார். "நான் தேடலை சார். காலைல ஆறு மணிக்கு ஸ்டேஷன்ல இருந்தேன். அத எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்." ரைட்டர் எரிச்சலோடு, "ஒரு வார்த்தைதானே பெரியவரே, எல்லாருக்கும் இப்படித்தான் எழுதறோம்" என்றார். சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து, சிஎஸ்ஆர் எண்ணையும் அதன் தேதியையும் சேர்த்து, அன்றே மனு கொடுக்கப்பட்டது என்று மாற்றி எழுதச் சொன்னார். முதலில் போன ஆந்திர நிலையத்தின் பெயரைச் சேர்க்க மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. 303(2) பிரிவில் எஃப்ஐஆர் பதிவானது. நகல் அங்கேயே கிடைத்தது.

எட்டாவது வரை படித்த ஒரு தறிக்காரர், காரைப் பறிகொடுத்த நிலையிலும், ஒரு பொய்யான வரிக்குக் கையெழுத்துப் போட மறுத்ததுதான் இந்த வழக்கில் நடந்த ஒரே சரியான எதிர்ப்பு என்று நினைக்கிறேன். புகார் கொடுக்கப் போகும் எவரும் அந்த ஒரு பத்தியை மட்டுமாவது நின்று படிக்க வேண்டும்.

கார் இருந்த இடம்

எஃப்ஐஆர் பதிவாகிக் கொஞ்ச நாளிலேயே கார் கிடைத்துவிட்டது. ஒங்கோலைத் தாண்டி, குண்டூர் போகும் வழியில் ஒரு நிலையத்தின் வளாகத்தில் நின்றது. திருட்டு நடந்த மறுநாளே சாலையோரம் அநாதையாக நின்ற வண்டி என்று அந்த நிலையத்தார் கைப்பற்றியிருக்கிறார்கள். நம்பர் பிளேட் மாற்றப்பட்டிருந்தது, சேசிஸ் எண்ணைச் சுரண்டியிருந்தார்கள், எஞ்சின் எண் தப்பியிருந்தது. அதை வைத்துத் தேடியும் பார்த்திருக்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் நடத்தும் 'வாகன் சமன்வய்' தளம், திருடு போன வண்டிகளையும் கைப்பற்றிய வண்டிகளையும் ஒப்பிட்டுக் காட்டும். ஆனால் திருடு போனது என்று ஒரு பதிவு இருந்தால்தானே ஒப்பிட முடியும்? நாங்கள் சிஎஸ்ஆர் ரசீதோடு அலைந்துகொண்டிருந்த அத்தனை நாளும் கார் ஒரு காவல் நிலையத்துக்குள்தான் நின்றிருக்கிறது. அந்தத் தூரத்து நிலையத்தார் தங்கள் வேலையைச் செய்திருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த நாட்களில் பேட்டரியும் ஸ்டெப்னியும் போயிருந்தன. அது திருடனிடம் போனதா வேறெங்கும் போனதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வண்டியை வெளியே எடுப்பது தனி வேலை. கைப்பற்றிய நிலையம் ஒரு மாநிலம், வழக்கு இன்னொரு மாநிலம். தமிழ்நாட்டுக் காவலர்கள் போய், அங்குள்ள நீதிமன்றம் வழியாக வண்டியைப் பெற்று, இங்குள்ள நீதிமன்றத்தில் ஒப்படைத்த பிறகு, இடைக்காலப் பொறுப்பு கேட்டு மனுப் போட்டோம். ரெக்கவரி வண்டிச் செலவு சித்தப்பாவுடையது. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம், வண்டிகளை நிலைய வளாகத்தில் மாதக்கணக்கில் மட்க விடாமல், பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர் அதைக் காட்டினார், மாஜிஸ்திரேட் தாமதிக்கவில்லை. இந்த முழு அலைச்சலில் இழுக்காமல் நடந்தது அது ஒன்றுதான்.

காப்பீட்டில், கார் கிடைத்துவிட்டதால் திருட்டுக் கோரிக்கை சேதக் கோரிக்கையாக மாறியது. எஃப்ஐஆர் ஏன் தாமதம் என்று அவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். அன்று காலையிலேயே உதவி எண்ணில் பதிந்த புகார் எண்ணும், அன்றைய தேதியிட்ட சிஎஸ்ஆரும் இருந்ததால் கேள்வி அங்கேயே நின்றது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகத் தகவல் சொன்னார்கள் என்பதை மட்டும் வைத்து, உடனே காவல்துறையில் புகார் கொடுத்தவரின் கோரிக்கையை மறுக்க முடியாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் வழக்கில் காப்பீட்டுக்குத் தகவல் உடனே போனது, தாமதம் காவல்துறைப் பதிவில் இருந்தது, அதனால் அந்தத் தீர்ப்பு நேராகப் பொருந்தவில்லை. காலண்டர் தாள்தான் பொருந்தியது.

இன்னும் முடியாதது

திருடியவர் பிடிபடவில்லை. எஃப்ஐஆர் பதிய மறுத்த அதிகாரி மீது என்ன செய்ய முடியும் என்று கேட்டோம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு, தகவலைப் பதிய மறுக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. ஆனால் அது பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு, ஆள் கடத்தல் போன்ற குறிப்பிட்ட குற்றங்களுக்கு மட்டும்தான். திருட்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, எங்களுக்குத் தெரிந்த வழி துறைரீதியான நடவடிக்கைதான்.

அதற்கு முதலில் நாங்கள் அன்று காலை ஆறு மணிக்கு அந்த பெஞ்சில் இருந்தோம் என்பதை நிரூபிக்க வேண்டும். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று, நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தவும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்கவும், அந்த வசதி கிடைக்காத இடத்தில் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நிலையத்தின் வாசலிலும் பெஞ்சுக்கு மேலேயும் கேமரா இருப்பதை நாங்களே பார்த்தோம். அன்றைய காலைப் பதிவைக் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் சித்தப்பா தெலுங்கில் ஒரு மனு எழுதி அனுப்பியிருக்கிறார். முப்பது நாள் கெடு முடிந்தும் பதில் வராததால் இப்போது மேல்முறையீடு போட்டிருக்கிறார்.